ஐஐடி வளாகத்தில் எங்களோடு நடந்தவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியிலிருந்து பதினெட்டுப் பேர், அதில் பாதி சிறுசுகள், சென்னை ஐஐடி வளாகத்துக்குள் நடந்துவிட்டு வந்தோம். இருபது வருடமாக அந்த மதில் சுவருக்கு வெளியேதான் குடியிருக்கிறேன். உள்ளே மான் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

முதல் நன்றி, அனுமதி வாங்கித் தந்துவிட்டு ஆறு மணிக்கே வாசலில் காத்திருந்த ஆராய்ச்சி மாணவத் தம்பிக்கு. 1959-இல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்குக் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம் இது, 600 ஏக்கருக்கு மேல் என்றார். புள்ளிமான் மர நிழலிலும் புதர் ஓரத்திலும் நிற்கும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது, இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. புல்வெளி ஓரம் ஒரு புழுக்கைக் குவியல் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இது யார் வீட்டு வாசல் தெரியுமா?” என்று பிள்ளைகளைக் கேட்டார். ஆண் வெளிமான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுத்தான் தன் எல்லையைக் காட்டுமாம். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரரே வந்தார்: கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய கொம்பு. என் பையன் இந்தப் புழுக்கைக் கதையை இதுவரை நான்கு உறவினர்களிடம் சொல்லிவிட்டான், அதில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, காவலாளி அண்ணனுக்கு. முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தது என் தப்பு. குரங்கு பிடுங்கியதும் பின்னாலேயே ஓடிய என்னை நிறுத்தி, அது தின்று முடிக்கும்வரை காத்திருந்து, கிழிந்த கவரைக் குச்சியால் இழுத்து எடுத்தார். உப்பு ருசிக்கு மான் பிளாஸ்டிக்கையும் சேர்த்து மென்றுவிடும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அப்புறம் தோட்ட வேலை பார்க்கும் அக்கா. தரையோடு படர்ந்த ஒரு செடியைப் படம் எடுத்து செல்போன் செயலியில் தேடிக்கொண்டிருந்தோம். அது மூன்று பெயர் சொன்னது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆடுதின்னாப்பாளை” என்றார், அவ்வளவுதான். இலையைத் திருப்பிக் காட்டினார். கறுத்த உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, மேலெல்லாம் சிவந்த முள் மாதிரி ஒரு புழு. ஆடு தொடாத அந்த நஞ்சைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது, சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாகப் பட்டாம்பூச்சி ஆன பிறகும் பறவைகள் அதை விட்டுவிடும் என்று தம்பி விளக்கினார். நஞ்சே இல்லாத இன்னொரு வகையில் பெண் பூச்சிகள் சில இதே மாதிரி வேடம் போட்டுத் தப்பிக்கின்றனவாம். அந்தச் செடியைக் களை என்று பிடுங்காமல் விட்டிருந்தது அக்காதான். “புழு இருக்குதே, எப்படிப் பிடுங்கறது” என்றார்.

தூறல் வந்தபோது நீங்கள் கொடுத்த கறுப்புக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. கழன்றிருந்த ஒரு கம்பியைத் தைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை வாசல் காவலறையில் கொடுத்துவைக்கிறேன். கூடவே முறுக்கும் இருக்கும், இந்த முறை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்.