மெடியாவின் தேருக்குப் பின்னால் அந்தப் படம் வேண்டாம்

மதிப்பிற்குரிய நாடகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் நம் ஹூஸ்டன் நகரில் நீங்கள் தமிழில் அரங்கேற்றிய, கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லும் தாயைப் பற்றிய கிரேக்க நாடகமான ‘மெடியா’வை என் மகளுடன் மூன்றாவது வரிசையில் அமர்ந்து பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் அலறும்போது கொரிந்து நகரத்துப் பெண்கள் கதவைத் திறந்து உள்ளே போவதா வேண்டாமா என்று தவித்து நின்ற இடத்தில் எனக்கு மூச்சு அடைத்தது. அந்த அளவுக்கு உழைத்திருந்தீர்கள். ஆனால் கடைசிக் காட்சியில், சூரியதேவனின் தேரில் மெடியா பிள்ளைகளின் உடல்களோடு மேலே எழும் வேளையில், 2001-ஆம் ஆண்டு இதே ஊரின் கிளியர் லேக் பகுதியில் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்த தாயின் படத்தைப் பின்திரை முழுக்க நிறுத்தினீர்கள். அரங்கம் கைதட்டியது. அடுத்த மாதம் மறுபடியும் மேடையேற இருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் இந்த நாடகத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கி.மு. 431-இல் ஏதென்ஸில் போட்டிக்கு வந்து கடைசி இடமான மூன்றாம் இடத்தைப் பெற்ற அந்த நாடகத்தில், மெடியா எதையும் நிலை தெரியாமல் செய்வதில்லை. தன்னைக் கைவிட்டு அரசகுமாரியை மணந்துகொண்ட கணவன் ஜேசனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து, ஏதென்ஸ் அரசனிடம் அடைக்கலத்துக்கு வாக்கு வாங்கிய பிறகே, நஞ்சு தோய்ந்த ஆடையைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து மணப்பெண்ணுக்கு அனுப்புகிறாள். தான் செய்யப்போவது எவ்வளவு பெரிய தீமை என்று தெரிந்திருந்தும், தன் சினம் தன் யோசனையைவிட வலியது என்று அவளே சொல்கிறாள். அப்படிப் பழிதீர்ப்பதற்காகத் தாம் பெற்ற பிள்ளைகளைக் கொன்றவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கலாம். அவர்களுக்கு அவள் பெயர் பொருந்தலாம்.

கிளியர் லேக் தாய்க்குப் பொருந்தாது. அவருக்கு ஏற்கெனவே கடுமையான மனநோய் இருந்தது. இன்னொரு குழந்தை பெற்றால் நோய் திரும்பும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஐந்தாவது குழந்தை பிறந்த பின் நோய் திரும்பியது. பிள்ளைகளை நரகத்திலிருந்து காப்பாற்றுவதாக நம்பியே அதைச் செய்தார். செய்த பின் தேரேறிப் போகவில்லை. தாமே காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். 2002-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் அரசுத் தரப்பு நிபுணர், ஒரு தாய் பிள்ளைகளை மூழ்கடித்துவிட்டுப் பைத்தியம் என்று விடுதலையாகும் தொலைக்காட்சி நாடகம் ஒன்று சம்பவத்துக்குச் சற்று முன் ஒளிபரப்பானது என்று சாட்சி சொன்னார். அப்படி ஒரு நாடகமே இல்லை. அந்தப் பொய்ச் சாட்சியைக் காரணம் காட்டித்தான் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது; 2006 ஜூலையில் மறுவிசாரணை நடுவர் குழு, மனநிலை பிறழ்ந்திருந்ததால் குற்றவாளி அல்லர் என்று சொன்னது; அவர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இல்லாத நாடகம் ஒன்றை அந்தப் பெண்மீது சுமத்தி ஒருமுறை தண்டித்தாயிற்று. நீங்கள் இருக்கிற நாடகம் ஒன்றைச் சுமத்துகிறீர்கள். தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல், அந்த வழக்கு மேல்முறையீட்டில் இருந்த காலத்தில், இந்த ஊரில்தான் என் மகள் பிறந்தாள். பிரசவம் பார்க்க என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். குழந்தை பிறந்து நான்காம் நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பால் புட்டியில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று தோன்றி, ஒரே புட்டியை விடிய விடியக் கழுவிக்கொண்டிருப்பேன். குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரல், இந்தக் குழந்தை உன்னுடையது இல்லை என்று சொல்லும். பிரசவித்த பெண்களில் ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோய் அது என்றும், உடனே மருத்துவம் பார்த்தால் குணமாகும் என்றும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஒரு முகம். குரல் கேட்கிறது என்று வாயைத் திறந்தால் என்னையும் அவராக்கிவிடுவார்கள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, மருத்துவர் கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னேன்.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தன் பக்கத்தில் கிடத்தி, பாயை எடுத்துப்போய் அறை வாசலில் குறுக்கே விரித்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் என் கணவரிடம், “மாப்பிள்ள, இவ கண்ண மூடி ஆறு நாளாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்” என்றார். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தேன்.

கிரேக்க நாடகத்தில்தான் இணை வேண்டும் என்றால், அதே யூரிப்பிடிஸ் எழுதி, அவர் இறந்த பிறகு மேடையேறிய ‘பாக்கே’ இருக்கிறது. டயோனிசஸ் தெய்வத்தால் சித்தம் கலங்கிய அகவே, தன் மகன் பென்தியூஸைச் சிங்கம் என்று எண்ணிக் கொன்று, அவன் தலையோடு பெருமிதமாக ஊர் திரும்புகிறாள். அவளுடைய தந்தை காட்மஸ் அவளைத் திட்டவில்லை. முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். முன்போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று கேட்கிறார். முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்கிறாள். யாரை மணந்தாய், உன் மகன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில்தான் கையில் இருப்பது யாருடைய தலை என்று கேட்கிறார். மருத்துவமனையில் ஒவ்வொரு நாளும் காலையில் என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள்: இன்று என்ன கிழமை, இது எந்த இடம், உங்கள் குழந்தையின் பெயர் என்ன. எனக்குத் தெளிந்தபோது என் கைகளில் எதுவும் இல்லை. அது என் நல்ல குணத்தால் நேர்ந்ததென்று நான் நினைக்கவில்லை. வாசலில் ஒருத்தி குறுக்கே படுத்திருந்தாள்.

பிறந்த குழந்தையைக் கொன்ற தாயின் மனநிலை பிரசவத்தால் குலைந்திருக்கலாம் என்று பிரிட்டன் 1922-லேயே சட்டம் செய்து, 1938-இல் அதை விரிவாக்கியது. இங்கே டெக்சாஸில் 2009-இல் அதுபோல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. நம்மவர்கள் வீடுகளிலோ நிலைமை இன்னும் மோசம். ஒருத்திக்கு இந்த நோய் வந்தால் திருஷ்டி, காற்று, கருப்பு என்பார்கள். ஊரில் யாருக்கும் தெரியாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மாத்திரை தின்கிறவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று கேட்பார்கள். அந்த வீடுகளிலிருந்துதான் உங்கள் பார்வையாளர்கள் வருகிறார்கள். அன்று அரங்கில் கைக்குழந்தையோடு நான்கைந்து பெண்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருத்திக்குக் குழாய்த் தண்ணீரில் குரல் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் திரையைப் பார்த்த பிறகு அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வசனத்தையும் மாற்றச் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

அன்று காரில் திரும்பும்போது என் மகள் வெகுநேரம் பேசாமல் வந்தாள். பிறகு, “அந்த அம்மாவுக்கும் உங்களுக்கு வந்ததுதானாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த மாதமும் வர அவளுக்கு ஆசை இருக்கிறது. படம் இருக்காது என்று ஒரு வரி எழுதுங்கள். இருவருக்கும் சீட்டு எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தாய்