குற்றம் குதிரையிலா, மேய்ச்சல் நிலத்திலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்டிருந்த குதிரைகளுள் ஒன்று மற்றொன்றை உதைத்துக் காலை முறித்துவிட்டதாகத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியையும், உதைத்த குதிரையை அடங்காத முரடு என்று குறிப்பிட்டு, அதை விற்றுவிடுவதே வழி என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். குதிரையின் குணமறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்ற பழமொழியையும் அவர் துணைக்கு அழைத்திருந்தார். பல ஆண்டுகளாகக் குதிரைகளைக் கூட்டமாக வளர்த்து வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு அவசரமானது என்றே கருதுகிறேன். உலர்புல்லை எங்கே போட்டோம், தண்ணீர்த் தொட்டியை எங்கே வைத்தோம், வேலி எங்கே மூலையாக முடிகிறது என்பதையெல்லாம் பார்க்காமல் குதிரையின் குணத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதலில், விளையாட்டையும் கொடுமையையும் பிரித்தறிய வேண்டும். காயடித்த ஆண் குதிரைகளும் இளங்குதிரைகளும் ஒன்றன் முகத்தையும் கழுத்தையும் முன்னங்கால்களையும் மற்றொன்று கவ்வுவதும், பின்னங்கால்களில் எழுந்து நின்று முட்டிக்கொள்வதும், நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துரத்திக்கொண்டு ஓடுவதும் புதிதாகப் பார்ப்பவருக்குப் பெருஞ்சண்டையாகவே தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், துரத்தியது அடுத்த சுற்றில் துரத்தப்படுவதையும், இரண்டும் இடையே நின்று புல் மேய்ந்துவிட்டு மீண்டும் தாமாகவே ஒன்றையொன்று தேடிச் செல்வதையும் காணலாம். கொடுமையில் இந்த முறைமாற்றம் இல்லை. அங்கே ஒரு குதிரையின் காதுகள் பிடரியோடு ஒட்டிப் படிந்தபடியே இருக்கும். கடி முகத்தில் விழாமல் புட்டத்திலும் விலாவிலும் விழும். எதிர்க் குதிரை விலகிப் போன பிறகும் துரத்தல் நிற்காது. துன்புறும் குதிரையின் உடலே அதற்குச் சாட்சி: பின்புறத்தில் பழையதும் புதியதுமான பல்தடங்கள், இளைத்துவரும் விலா, எப்போதும் கூட்டத்தின் ஓரத்திலேயே நிற்கும் பழக்கம். கவலை தருவது காயங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஒரு கீறலும் இல்லாமலே நாள் முழுவதும் தண்ணீரை அணுக முடியாமல் நிற்கும் குதிரையும் உண்டு.

கூட்டத்தில் எது எதற்கு விட்டுக்கொடுப்பது என்ற மூப்பு வரிசை இருப்பது இயல்பு, அதை நாம் அழிக்கவும் முடியாது. அந்த வரிசை சண்டையைக் குறைக்கத்தான் இருக்கிறது. நிலைபெற்ற கூட்டத்தில் பெரும்பாலான தகராறுகள் ஒரு காது மடிப்பிலும் ஒரு தலையசைப்பிலும் முடிந்துவிடுகின்றன. விட்டுக்கொடுக்கும் குதிரைக்கு விலகிச் செல்ல இடமும், விலகிச் சென்ற இடத்தில் வேறு உணவும் இருக்கும்வரை யாரும் யாரையும் உதைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போகும்போதுதான் மிரட்டல் உதையாக மாறுகிறது.

ஆகவே உலர்புல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். குதிரையின் வயிறு நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் சிறிது சிறிதாக மேய்வதற்கென அமைந்தது. நாமோ காலையும் மாலையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, பசித்த விலங்குகள் வரிசையில் நின்று பண்போடு உண்ண வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஐந்து குதிரைகள் இருந்தால் குறைந்தது ஆறு குவியல்கள், முடிந்தால் ஏழு போட வேண்டும். ஒரு குவியலில் நிற்கும் குதிரை அடுத்த குவியலில் நிற்பதை உதைக்க முடியாதபடி அவற்றுக்கிடையே பத்து மீட்டர் அளவிலாவது இடைவெளி விட வேண்டும். தலைமைக் குதிரை குவியலுக்குக் குவியல் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க வேண்டியதில்லை, அது விட்டுச்சென்ற குவியல் மற்றொன்றுக்குக் கிடைக்கும். சிறு கண்ணிகள் கொண்ட வலைகளில் புல்லை இட்டால் தீர்வதற்கு நேரமாகும். அதனால் அடுத்தவர் பங்கின்மேல் கண் போவதும் குறையும். ஆனால் லாடம் அடித்த குதிரைகளுள்ள இடத்தில் வலையைத் தாழ்வாகக் கட்டினால் லாடம் அதில் சிக்கும். தானியத் தீவனத்தை மட்டும் ஒருபோதும் கூட்டத்தின் நடுவே கொடுக்கக் கூடாது. வாளியோடு உள்ளே செல்லும் மனிதரே அப்போது உதைபட நேரும்.

தண்ணீரைப் பொறுத்தவரை என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்த செவலைக் குதிரை ஒன்று, வயதான பெண் குதிரையைத் தொட்டியருகே வரவிடாமல் துரத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். தொட்டி இரண்டு வேலிகள் சந்திக்கும் மூலையில் இருப்பதையும், தண்ணீர் குடிக்கத் தலை குனிந்த குதிரைக்கு வெளியேற ஒரே வழிதான் உண்டு என்பதையும், அந்த வழியில்தான் செவலை வந்து நிற்கிறது என்பதையும் வெகுநாள் கழித்தே கவனித்தேன். தொட்டியை வேலியின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, எதிர்க்கோடியில் இன்னொன்றை வைத்த பிறகு, அந்த முதிய குதிரை ஒரே வாரத்தில் வேளைக்கு வேளை தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. செவலை திருந்திவிட்டதென்று நான் சொல்லவில்லை. அதன் குறும்பு பலிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும் என்பதையும், அது குறைந்தால் குடலடைப்பு வயிற்றுவலி வரலாம் என்பதையும் நினைத்தால், எவ்வளவு பெரிய ஆபத்தை அந்த மூலை வைத்திருந்தது என்பது விளங்கும்.

நிலத்தின் பரப்பும் இதே கணக்கில் சேரும். 2013-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று, குதிரை ஒன்றுக்கு 331 சதுர மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கும்போது முரட்டுத்தனம் மிகக் குறைந்துவிடுவதைக் காட்டியது. அந்த அளவு இல்லாதவர்கள் குறுகிய மூலைகளை வளைத்து அடைக்கலாம். நிழற்கூரைக்கு இரண்டு வாயில்கள் விடலாம், அல்லது ஒரு பக்கத்தை முழுவதும் திறந்தே வைக்கலாம். முள்கம்பியை மட்டும் எக்காரணத்தாலும் வைக்கக் கூடாது. துரத்தப்படும் குதிரை பார்த்து ஓடுவதில்லை. ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. வட ஐரோப்பிய நாடுகளில் செய்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த கூட்டங்களுக்கும் ஒருபால் கூட்டங்களுக்கும் சண்டையிலோ காயங்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பொலிகுதிரைகளின், அதாவது காயடிக்காத ஆண் குதிரைகளின், நிலை வேறு. அவற்றை நான் இங்கே சேர்க்கவில்லை.

புதிய குதிரையைக் கொண்டுவந்த அன்றே கூட்டத்துக்குள் அவிழ்த்துவிடுவதுதான் நான் கண்ட காயங்களில் பாதிக்கும் மேலானவற்றுக்குக் காரணம். தொற்றுநோய்க்காக மூன்று வாரம் தனியே வைத்திருந்துவிட்டு, பிறகு பாதுகாப்பான வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் சில நாட்கள் விட வேண்டும். கூட்டத்தில் அமைதியான ஒரு குதிரையை மட்டும் முதலில் அதனோடு சேர்க்க வேண்டும். அந்த இருவரும் பழகிய பிறகு மற்றவற்றைச் சேர்க்கும்போது, புதியது தனியாளாக நிற்பதில்லை. சேர்க்கும் நாளில் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவதும், சேர்க்கும் நேரம் தீவன நேரமாக இல்லாதபடி பார்த்துக்கொள்வதும் நல்லது. முதல் சந்திப்பில் கிறீச்சிடலும் முன்னங்காலை ஓங்கி அடித்தலும் இருக்கும். அதைக் கண்டு உடனே உள்ளே பாய்ந்து பிரிக்கத் தேவையில்லை.

பல காலம் அமைதியாக இருந்த குதிரை திடீரென்று முரடாக மாறினால், அதை மருத்துவரிடம் காட்டாமல் தண்டிப்பது தவறு. வயிற்றுப் புண்ணும் மூட்டு வலியும் குதிரையைச் சிடுசிடுப்பாக்கும். பொலிகுதிரைபோல நடந்துகொள்ளும் பெண் குதிரைக்குச் சில சமயம் சூலகத்தில் கட்டி இருக்கும். காயடித்ததாகச் சொல்லி விற்கப்பட்ட குதிரைக்கு ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கவும் கூடும். இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு குதிரை மற்றொன்றை விடாமல் வதைத்தால் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் குதிரையையும் பிற குதிரைகளின் கண்ணில் படாமல் தனிமையில் அடைக்கக் கூடாது. வதைக்கும் குதிரையைத் தனக்கு அஞ்சாத மூத்த குதிரை ஒன்றோடு வேறு நிலத்தில் விட்டுவிட்டு, சில வாரங்களுக்குப் பின் கடைசியாகத் திரும்பச் சேர்ப்பது எனக்குப் பலமுறை பலன் தந்த வழி.

தாங்கள் வெளியிட்ட செய்தியில் ஒரு வரி இருந்தது: விபத்து மாலைத் தீவன வேளையில், வாயிற்கதவருகே நடந்தது. பசியோடு எல்லாக் குதிரைகளும் ஒரே கதவருகே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியை என்னால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது. அக்குதிரையின் உரிமையாளர் இதைப் படிப்பாராயின், அதை விற்பதற்கு முன், தீவனத்தைக் கதவிலிருந்து தொலைவில் பிரித்துப் போட்டு, பின்னங்கால் லாடங்களைக் கழற்றி, ஒரு மாதம் கூட்டத்தைக் கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர் ஒருவர்