கசானிலிருந்து அப்பாவுக்கு

கசான்,
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோருடைய நலமும் அறிய ஆவல். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உக்ரைன் சண்டைக்காக மேற்கு நாடுகள் இத்தனை தடை போட்ட ரஷ்யாவில் கடையில் சாமான் கிடைக்கிறதா என்று போனில் கேட்டீர்களே, எல்லாம் கிடைக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 2022இல் மூடியது. மூன்றே மாதத்தில் அதே கட்டடங்களில் வேறு பெயர்ப்பலகையோடு பர்கர் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கோகோ கோலா போய் டோப்ரி கோலா. தெருவில் புதுக் கார் என்றால் பெரும்பாலும் சீனக் கார்தான். லாடா கம்பெனி அந்த வருடம் ஏர்பேக் இல்லாமலே கார் விற்றது, அதையும் வாங்கினார்கள்!

பேங்க்காரரான உங்களுக்கு இது பிடிக்கும். விசா, மாஸ்டர்கார்டு என்ற கார்டு கம்பெனிகள் இங்கிருந்து விலகியபோது, உள்ளூர் பேங்க்குகள் கொடுத்திருந்த அதே கார்டுகள் நாட்டுக்குள்ளே தொடர்ந்து வேலை செய்தன. 2014இல் உக்ரைனின் கிரைமியாவைப் பிடித்துக்கொண்டபோது வந்த தடையில் சூடு பட்டதுமே, நம் ரூபே மாதிரி சொந்த ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டுவிட்டார்கள். நானும் அவர்களுடைய மிர் கார்டுதான் வைத்திருக்கிறேன்.

ஆனால் விலையைக் கேட்காதீர்கள். வெண்ணெய் போன வருடம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு கடையில் வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திருட்டுக்குப் பயந்து பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். பில் போடும் பெண்தான் சாவி போட்டுத் திறந்து கொடுத்தாள். தடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சண்டைக்குப் போனவர்கள், நாட்டைவிட்டுப் போனவர்கள் போக மிச்சமிருக்கும் ஆட்களை ஆயுதத் தொழிற்சாலைகள் அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்கின்றன. பால் கறக்கவும் பஸ் ஓட்டவும் ஆள் இல்லை.

மத்திய வங்கியின் வட்டி விகிதம் 21 சதவீதம், அப்பா! எங்கள் ஹாஸ்டல் அம்மா இருப்பதையெல்லாம் டெபாசிட்டில் போட்டுவிட்டு ராணி மாதிரி இருக்கிறார். பாடம் நடத்தும் இளம் டாக்டரோ வீட்டுக்கடன் ஆசையையே விட்டுவிட்டார்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பீர்கள். எண்ணெய்தான். ஐரோப்பா வாங்காததை நாமும் சீனாவும் வாங்குகிறோம். 2022க்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகக் குறைவு. போன வருடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உங்கள் ஸ்கூட்டரிலும் கொஞ்சம் ஓடும். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. நம் பேங்க்குகளில் குவிந்த ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று 2023இல் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே சொன்னார். விற்க ஆள் கிடைத்தாலும் காசு கைக்கு வந்து சேர்வது தனிப் பாடு.

தம்பி ஐபோன் கேட்டான். ஆப்பிள் இங்கே விற்பதில்லை, மூன்றாம் நாடு வழியாக வருவதை வாங்குவதைவிட அங்கேயே மலிவு என்று சொல்லிவிடுங்கள். சித்தப்பா மகன் பிப்ரவரியில் வரும்போது செலவுக்கு டாலராகக் கொடுத்தனுப்புங்கள். மடிப்பும் கிறுக்கலும் இல்லாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள், இங்கே மாற்றும்போது அதற்கும் குறை சொல்வார்கள்.

உங்கள் அன்பு மகள்,
கவி