கேணிக்கரைப் புல்லைச் செதுக்குமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரிக்கு முந்திய சிரமதானங்கள் பல ஊர்களிலும் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், சென்ற வருடம் எமது ஊர்க் கோயிற் கேணியில் நடந்ததை உங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். டெங்கைத் தடுப்பதற்கென்று கூறி, கரையோரம் நின்ற கோரையும் புல்லும் ஒரே நாளில் செதுக்கப்பட்டன. மேற்குக் கரையில் படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளை வேரோடு கிண்டி எரிக்கப்பட்டது. அந்த மாரியில் வழமையாகக் கேணியின் மேல் பறக்கும் செந்தும்பிகளை நான் காணவில்லை. முப்பது வருடங்களாக மாணவர்களை அந்தக் கேணிக்கரைக்கு அழைத்துச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டையிலும், பழைய ரயரிலும், பூச்சாடியின் கீழ்த்தட்டிலும் தேங்கும் சிறிதளவு நீரில். அவற்றைக் கவிழ்த்து வைப்பது கட்டாயம் செய்யவேண்டிய வேலை. ஆனால் கேணியில் வாழும் தும்பியின் இளம்புழு நுளம்புக் குடம்பிகளைத் தின்று வளர்வது. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கணப்பொழுதில் முன்னே எறிந்து அது இரையைப் பிடிப்பதை, கண்ணாடிப் போத்தலில் சிறிது நேரம் வைத்துப் பார்த்த எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. ஊசித்தும்பிகள் நீர்த்தாவரங்களின் தண்டைத் துளைத்து அதற்குள் முட்டையிடுபவை; வளர்ந்த இளம்புழு நீரைவிட்டு ஏறி, தோல் கழற்றிச் சிறகு விரிப்பதும் பெரும்பாலும் கரையில் நிற்கும் தண்டுகளைப் பற்றிக்கொண்டுதான். கரையை முற்றாக வழித்தெடுத்தால் நுளம்பைத் தின்பவற்றையே துரத்திவிடுகிறோம்.

இலங்கையில் ஏறத்தாழ 130 வகைத் தும்பிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பாதியளவு உலகில் வேறெங்கும் இல்லாதவை. சிங்கராஜா போன்ற தென்மேற்கு ஈரக்காடுகளின் நிழலோடைகளிலேயே அவற்றிற் பெரும்பாலானவை வாழ்கின்றன. எமது வறண்ட வடபகுதிக்கு அந்தச் சிறப்பு இல்லையென்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் வயல்வெளிக்கு மேல் கூட்டம் கூட்டமாக வட்டமிடும் மஞ்சள் தும்பி உலகிலேயே மிக நெடுந்தூரம் பயணிக்கும் பூச்சிகளில் ஒன்று. அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவரை செல்வதை, மாலைதீவில் வாழ்ந்த உயிரியலாளர் சாள்ஸ் அண்டர்சன் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அத்தகைய பயணி முட்டையிடத் தேடுவது மழையில் நிரம்பும் தற்காலிகக் குட்டைகளை. நாம் மண்ணிட்டு மூடும் துரவுகளும் பள்ளங்களும் அவைதான்.

இனி அந்த ஆடுதின்னாப்பாளையைப் பற்றிச் சொல்லவேண்டும். கரிய முன்சிறகில் வெண்பட்டையும், பின்சிறகில் செம்புள்ளிகளும், சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை, அதன் இனமான பெருமருந்துக் கொடி போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளை மட்டுமே. அச்செடிகளின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. எங்கள் வளவுக் கறிவேப்பிலையில் வளரும் புழுவின் கதையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. சிறிதாக இருக்கும்போது அது பறவை எச்சம் போலவே தோன்றும். பின்னர் பச்சையாகி இலையோடு இலையாகக் கிடக்கும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான செந்நிறக் கொம்பு இரண்டு வெளியே நீண்டு, கடும் நெடி வீசும். அதிலிருந்து வரும் பெண் வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு பகுதி, நஞ்சுள்ள அந்தச் செம்புள்ளிப் பூச்சியைப் போன்ற வேடம் பூண்டே பறவைகளிடம் தப்புகின்றது. கேணிக்கரையில் ஆடுதின்னாப்பாளை அழிந்தால், பறவைகளை அஞ்சவைக்கும் மூலமும் அழிந்து, கறிவேப்பிலைப் பூச்சியின் வேடத்துக்கும் பயனில்லாமற் போகும். ஒரு செடியைக் கிண்டி எரித்தபோது இவ்வளவும் சேர்ந்தே எரிந்தன.

எமது நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, கருமையும் பொன்மஞ்சளும் கொண்ட, இத்தீவுக்கே உரிய ஒரு பெரிய பூச்சி. அதன் புழுவும் இதே குடும்பத்துக் கொடியை நம்பியே வாழ்கிறது. யால தேசிய பூங்காவில் பூச்சிகளைப் பிடித்துக் கடத்த முயன்ற வெளிநாட்டவர் இருவருக்கு 2024 இல் ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டபோது நாமெல்லாம் நியாயமென்றோம். அதே கண்டிப்பு எமது மண்வெட்டிக்கும் வேண்டும்.

இரவுப் பூச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். அலரியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பெரிய பச்சைப் புழு, சீண்டினால் தலையைக் குனித்து நீலக்கண் போன்ற இரு புள்ளிகளைக் காட்டும். பாம்புக் குட்டியென்று அஞ்சி அடித்துக் கொல்கிறார்கள். அது கடிக்காது, நஞ்சுமில்லை. பளிங்குக்கோலம் போன்ற பச்சைச் சிறகுகளோடு வெளிவரும் விட்டில் அது. கோயில் வீதிகளில் விடியும்வரை எரியும் வெள்ளை ஒளி விளக்குகளைச் சுற்றிச் சுற்றிச் சோர்ந்து வீழ்பவற்றில் இவையும் உண்டு. திருவிழா இல்லாத நாட்களிலேனும் நள்ளிரவுக்குப் பின் அவற்றை அணைக்கலாம்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. குப்பையையும் பிளாஸ்ரிக்கையும் அகற்றுங்கள். கேணியிலோ குளத்திலோ மூன்று கரைகளைச் செதுக்கினாலும் ஒரு கரையைப் புல்லோடும் கோரையோடும் விட்டுவையுங்கள். களைநாசினி தெளிக்கவேண்டாம். எமது கேணியின் மேற்குக் கரையில் நடுவதற்காக ஆடுதின்னாப்பாளை நாற்றுகள் சிலவற்றை என் வளவில் வளர்த்திருக்கிறேன். முதல் மழை விழுந்ததும் அவற்றை நட ஆலய பரிபாலன சபையினர் அனுமதிக்கவேண்டுமென்று இக்கடிதம் மூலம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வடமராட்சி.