ரெட்வுட் கிட்டாருக்காகப் புதிதாக மரம் வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிட்டார் மரங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் முகப்புப் பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் மரம் கிடைக்காதபோது போடும் மாற்று என்று, அமெரிக்க மரமான ரெட்வுட்டை ஒரே வரியில் முடித்துவிட்டது. கிட்டார் செய்வதையே தொழிலாகக் கொண்ட என்னால் இதை ஏற்க முடியவில்லை.

நல்ல ரெட்வுட் பலகையை ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று எழும் ஒலி சட்டென்று அடங்காது. முகப்புக்குப் போடும் இன்னொரு மரமான சிடாரின் இதமும் ஸ்ப்ரூஸின் தெளிவும் அதில் சேர்ந்தே கேட்கின்றன என்பேன். விரலால் மெதுவாக மீட்டுபவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆனால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. முதுமரத்தில் வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக இருக்கும். வெட்டிய காட்டில் மறுபடி முளைத்து வேகமாக வளர்ந்த மரத்தில் அவை அகன்று, மரமும் மெத்தென்று இருக்கும். முகப்புப் பலகைக்கு முதல் வகைதான் சரி.

குறையும் உண்டு. நகம் பட்டாலே பள்ளம் விழும்; நார்வாக்கில் சுலபமாகப் பிளக்கும். எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது, பசை தாங்கினாலும் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் கட்டையான பிரிட்ஜுக்கு அடியில் உள்ள நார் பிய்ந்து வந்துவிடலாம். அதனால் பலகையை ஸ்ப்ரூஸை விடச் சற்றுத் தடிமனாக விடுகிறேன். பிரிட்ஜின் அடிப்பரப்பையும் கொஞ்சம் பெரிதாக்கி, வார்னிஷ் துளியும் இல்லாத வெறும் மரத்தில் ஒட்டுகிறேன்.

அப்புறம், மரம் வரும் வழியைக் கட்டுரை தொடவே இல்லை. கலிஃபோர்னியக் கடலோரத்திலும் அதை ஒட்டிய ஓரிகன் முனையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இந்த மரம் 2,000 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வெட்டில் முதுகாடு சுமார் 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 1968இல் ரெட்வுட் தேசியப் பூங்கா அமைவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் காலத்தில் ஆற்றில் மிதக்கவிட்டபோது மூழ்கிப்போன மரங்களும், பழைய பாலங்களிலும் மதுத் தொட்டிகளிலும் இருந்து பிரித்த பலகைகளும் இன்றும் கிடைக்கின்றன. இதன் வைரம், அதாவது தண்டின் உட்பகுதி மரம், எளிதில் உளுக்காது என்பதால் அவை இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. எங்களுக்கு அவையே போதும். நிற்கும் முதுமரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

வாங்குபவர்கள் மரம் எங்கிருந்து எடுத்தது என்று தயங்காமல் கேளுங்கள். பலகையில் பழைய ஆணி இருந்த இடத்தில் கறுப்புக் கறை தெரிந்தால், இரும்பும், மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து வந்த நிறம் அது. அதற்காக அந்தக் கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கிட்டார் செய்யும் ஒரு வாசகர்