நான்காவது ஆள் கோட்டைத் தொடும்வரை உடனிருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பந்தயத்தை முடித்துவிட்டோம், நாலு பேரும். முடித்த அணிகளின் பட்டியலில் எங்கள் அணியின் பெயரும் இருக்கிறது. அது அங்கே வரக் காரணமானவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள் என்பதால், எல்லோரும் பார்க்கும்படி இங்கேயே எழுதுகிறோம்.

சாகசப் பந்தயம் என்றால் என்னவென்று தெரியாமலேயே எங்களுக்கு உதவியவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரோடு கிடையாது. காட்டிலும் மேட்டிலும் நடை, ஓட்டம், மவுண்டன் பைக், ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, சில இடங்களில் கயிற்றில் இறங்குவது என்று மாறி மாறி வரும். வழியைக் குறித்துத் தர மாட்டார்கள். வரைபடத்தில் செக்பாயின்ட்டுகள், அதாவது நாங்கள் போய்ச் சேர வேண்டிய இடங்கள், மட்டும் இருக்கும். ஜிபிஎஸ் கூடாது, திசைகாட்டியை வைத்துத்தான் தேட வேண்டும். இரவானாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1989-ல் ஜெரார் ஃபூசில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் நியூசிலாந்தில் 'ரெய்ட் கோலுவாஸ்' பந்தயத்தைத் தொடங்கியபோது ஒவ்வோர் அணியிலும் ஐந்து பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று வைத்தார். இப்போது பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக நாலு பேர். சேர்ந்தே போக வேண்டும் என்பது மட்டும் அன்று முதல் மாறவில்லை. கடைசி ஆளின் நேரமே அணியின் நேரம். ஒருவர் விலகிவிட்டால், மற்ற மூவரும் எவ்வளவு வேகமாக வந்தாலும் தரவரிசையில் இடம் கிடையாது. அந்தக் கடைசி ஆள் யார் என்பதும் மணிக்கு மணி மாறும். மேட்டில் ஒருவர், ஆற்றில் இன்னொருவர், விடியற்காலைத் தூக்கத்தில் வேறொருவர். எங்களுக்குக் கிடைத்த உதவி எல்லாமே அந்தந்த நேரத்தில் பின்தங்கிய ஆளைத் தூக்கி நிறுத்திய உதவிதான்.

முதலில், வரைபடம் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு.

அண்ணா, நீங்கள் நால்வருக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். வழி பார்க்கும் ஒருவருக்கு மட்டும் போதாதா என்று கேட்டோம். "அந்த ஒருத்தருக்குத் தூக்கம் வந்தா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். வந்தது. பனிமூட்டம் இறங்கிய இரவில், வழி பார்த்துக்கொண்டு வந்தவருக்கு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் புரியாத நிலை. வரைபடத்தைப் பக்கத்தில் இருந்தவர் வாங்கிக்கொண்டார், நடை நிற்கவே இல்லை. 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர், திசையில் 1 பாகை பிசகினால் அந்த ஒரு கிலோமீட்டர் முடிவில் சுமார் 17 மீட்டர் தள்ளிப்போயிருப்போம் என்பதெல்லாம் எங்களுக்குக் கை வந்ததே உங்களால்தான். பனிமூட்டத்தில் 17 மீட்டர் என்பது செக்பாயின்ட் கொடி கண்ணில் படுவதற்கும் படாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

அன்று தேட வேண்டிய குறி, இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் இருந்தது. நீங்கள் சொன்னபடியே நேராக அதை நோக்கிப் போகாமல், வேண்டுமென்றே இடப்பக்கம் ஒதுங்கிப் போய் ஓடையைத் தொட்டோம். நேராகப் போய்க் குறி கிடைக்காவிட்டால் இடமா வலமா என்று குழம்ப வேண்டும். ஒதுங்கிப் போனால் அந்தக் கேள்வியே இல்லை, வலப்பக்கம் திரும்பினால் சரி. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கொடி தெரிந்ததும் நாலு பேரும் சேர்ந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினோம். உண்மையாகவே கத்தினோம், அண்ணா.

அடுத்தது, சைக்கிளுக்கு மாறும் இடத்தில் எங்கள் பாதங்களைப் பார்த்த மருத்துவர் அக்காவுக்கு. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது; தோல் வெளுத்து, உப்பி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. அதே நிலையில் ஷூவைப் போட்டு ஓடினால் உரிந்துவிடும். நீங்கள் கழுவி, துடைத்து, காலை உயரத் தூக்கிவைத்துக் காற்றாட விட்டீர்கள். நாங்கள் பெட்டியிலிருந்து சைக்கிளை எடுத்துப் பூட்டும் நேரமே காலுக்கு ஓய்வு நேரம் என்று ஆக்கிவிட்டீர்கள். கொப்புளத்தின் மேல்தோலைப் பிய்க்கக் கூடாது என்றும், டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் உரசிக் கழன்று வராது என்றும் சொல்லிக்கொண்டே ஒட்டினீர்கள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டிய அந்த டேப் கடைசிவரை கழலவில்லை. இனி நடக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று மாலை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பெயர் பட்டியலில் இருப்பதற்குத் தனியாக ஒருவரைக் காட்டச் சொன்னால் நாங்கள் உங்களைத்தான் காட்டுவோம்.

பெயர் தெரியாத இன்னோர் அணிக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறக்கத்தில் ஒரு குச்சி பின்சக்கரத்தில் மாட்டி, எங்களில் ஒருவரின் சைக்கிளில் கியர் மாற்றியையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அடிபட்டவரைக் கண்டால் எந்த அணியும் நின்று உதவியே ஆக வேண்டும், அது விதி. உடைந்த சைக்கிளுக்காக நிற்க வேண்டும் என்று விதி இல்லை. நீங்கள் எங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள், சொல்லப்போனால் எங்களைவிட ஓர் இடம் முன்னால். ஆனாலும் நின்றீர்கள். ஒருவர் விளக்குப் பிடித்தார், ஒருவர் சட்டத்தைத் தாங்கினார். செயினை அறுத்து, சுருக்கி, ஒரே பல்சக்கரத்தில் மாட்டி ஓட்டும்படி செய்துகொடுத்துவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் அந்த சைக்கிளுக்கு ஒரே கியர்தான். ஏற்றத்தில் எங்களில் வலுவானவர் எலாஸ்டிக் கயிறு கட்டி அதை இழுத்தார். நீங்கள் இழந்த நிமிடங்களை நாங்கள் மறக்கவில்லை. இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரையில் இருந்த தன்னார்வலர்களே, இருட்டிய பிறகு கயாக்கை இறக்கக் கூடாது என்ற விதியால் விடியும்வரை நாங்கள் உங்கள் பொறுப்பில்தான் இருந்தோம். வந்த நேரத்தைக் குறித்துவைத்தீர்கள், வெந்நீர் கொடுத்தீர்கள், தூங்கச் சொன்னீர்கள், சொன்ன நேரத்துக்கு எழுப்பினீர்கள். தண்ணீரில் இறங்கும் முன் நால்வரின் லைஃப் ஜாக்கெட் பக்கிளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தீர்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள் நீங்கள். பதக்கம் எங்களுக்குக் கிடைத்தது.

பாதையை அமைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகட்டைத் தாண்டிப் போவதா, சுற்றிப் போவதா என்று ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் எங்களை உட்கார்ந்து பேச வைத்தீர்கள். நல்ல பாதை என்றால் அதுதான் என்று நினைக்கிறோம். இரண்டுமே சரியாக இருக்கலாம், அணியின் பலத்தைப் பொறுத்தது.

வீட்டிலிருந்தபடி டிராக்கரில் எங்கள் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே, நீங்கள் அனுப்பிய செய்திகளை முடித்த பிறகுதான் படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் படித்தோம். எங்களுக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்த பாட்டிகளுக்கும், எங்களில் ஒருவரின் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வந்த சித்தப்பாவுக்கும் நன்றி. சித்தப்பா, நீங்கள் போகாவிட்டால் எங்கள் அணிக்காரர் பந்தயத்துக்குக் கிளம்பியிருக்கவே மாட்டார். அணியும் இருந்திருக்காது.

கடன் வாங்கிய துடுப்புகளும் சைக்கிள் பெட்டிகளும் கழுவிக் காய்ந்து தயாராக இருக்கின்றன. நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். ஒரு பெட்டியில் கீல் தளர்ந்திருந்தது, புதிது போட்டுவிட்டோம். அடுத்த வருடம் அணி சேர்க்க நினைப்பவர்கள் எங்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குறிப்பெழுதிய வரைபடங்கள், பை அடுக்கும் பட்டியல், பாத டேப் ஒட்டும் முறை எல்லாம் தருகிறோம், பயிற்சிக்கும் கூட வருகிறோம்.

மனமார்ந்த நன்றியுடன்,
நாங்கள் நால்வரும்