டெல்ஃப்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? கேரட் தோட்டத்தில் உறைபனி கொட்டிவிட்டதாகத் தம்பி சொன்னான். விடியும் முன்பே தண்ணீர் தெளிக்க நீங்கள் போகாதீர்கள், ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நெதர்லாந்தில் மலை என்ற பேச்சே இல்லை. எங்கும் வாய்க்கால், சைக்கிள், எதிர்காற்று. முத்தோரை மேட்டில் ஏறி இறங்கிய காலுக்குச் சமதளம் பழக ஒரு மாதம் ஆயிற்று.

“அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் என்னதான் பண்ணுற?” என்று எங்கள் ஆய்வகக் குளிர்ப்பெட்டியைப் பற்றிப் போனில் கேட்டீர்களே, அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை.

தங்க முலாம் பூசிய செம்புத் தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கும். கீழே போகப் போகக் குளிர் கூடும். அடித்தட்டில், மைனஸ் 273.15 டிகிரிக்கு நூறில் ஒன்றிரண்டு பங்கு டிகிரிதான் மேலே. அங்கேதான் நகம் அளவு சிப்பில் என் அலுமினிய சர்க்யூட்டுகள். சுமார் மைனஸ் 272 டிகிரியிலேயே அலுமினியம் மீக்கடத்தி ஆகிவிடும், மின்தடை துளியும் இராது. ஒவ்வொரு சர்க்யூட்டும் நாங்களே செய்த அணு மாதிரி. உலோகத்தில் எலக்ட்ரான் தாவுவதுபோல இங்கே மைக்ரோவேவ் ஒளித்துகள் பக்கத்து சர்க்யூட்டுக்குத் தாவும்.

ஊட்டி–குன்னூர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு சீட் என்று நிரம்பிவிட்டது, ஒரு சீட்டில் இருவர் உட்கார முடியாது என்றால் யாரும் இடம் மாற முடியாது. மின்சாரம் கடத்த வேண்டிய சில பொருள்கள் கடத்தாமல் நிற்பது, உள்ளே எலக்ட்ரான்கள் இப்படி மாட்டிக்கொள்வதால்தான். மாட் இன்சுலேட்டர் என்பார்கள். 2019இல் சிகாகோவில் எட்டு சர்க்யூட்டுகளை வரிசையாக வைத்து ஒளித்துகள்களையே அப்படி உட்காரவைத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தப் பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் ஆகாதா என்பீர்கள். 50 சர்க்யூட் போதும், கணக்கில் வைக்கவேண்டிய எண்கள் ஆயிரம் லட்சம் கோடியைத் தாண்டிவிடும். அதனால் பொருளையே சின்னதாகக் கட்டிப் பார்க்கிறோம். நிஜப் பொருளில் ஓர் அணுவைத் தனியாகத் தொட்டுக் கேட்பது கஷ்டம், இங்கே ஒவ்வொன்றையும் கேட்கலாம்.

போன மாதம் ஒரு சர்க்யூட் மட்டும் பதிலே சொல்லவில்லை. எல்லாவற்றையும் சூடாக்கித் திறந்தால், முடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. மறுபடி குளிரவைத்து முடிக்க ஒரு வாரம் போனது. அழுகையே வந்துவிட்டது அப்பா.

அப்புறம், ஞாயிறன்று லைடன் போனேன். 1911இல் காமர்லிங் ஓனஸ் என்ற இயற்பியலாளர் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்து, மின்தடை காணாமல்போனதைப் பார்த்த ஊர். ஹீலியத்தைத் திரவமாக்கிய அவருடைய கருவி மியூசியத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது, என்னைத் தோளில் தூக்கி முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைக் காட்டினீர்களே, அந்த 530 மீட்டர் நீளமும் ஞாபகம் வந்தது.

ஊரிலிருந்து யாராவது வந்தால் வர்க்கி கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்